தஞ்சைப் பெரிய கோயில்: பொது அறிவு வினாக்களும் கல்வெட்டு விடைகளும்

தஞ்சாவூர்ப் பெரிய கோயில், சோழ மன்னன் முதலாம் இராஜராஜன் (ஆட்சிக்காலம் 985–1014) எழுப்பிய சிவன் கோயில் ஆகும். யுனெஸ்கோ 1987ஆம் ஆண்டு இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களும் இதனுடன் சேர்க்கப்பட்டன. தமிழகத்தில் பொது அறிவு நூல்கள், வினாடி வினாப் போட்டிகள், போட்டித் தேர்வுக் கையேடுகள் ஆகியவற்றில் மிக அதிகமாக இடம்பெறும் கோயில்களுள் இதுவும் ஒன்று.

ஆனால் இக்கோயிலைப் பற்றிப் பரவலாக மனப்பாடம் செய்யப்படும் விடைகள் பலவற்றுக்குச் சான்று இல்லை. நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது ஒரே கல், தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையே கோயிலின் அளவுகள் என்பன அவற்றுள் சில. மறுபுறம், தன்னைப் பற்றிய செய்திகளைத் தன் சுவரிலேயே இத்தனை நுட்பமாக எழுதி வைத்துள்ள கோயில்கள் உலகில் மிகச் சில. எனவே இக்கோயிலைப் பற்றிய பல வினாக்களுக்கு ஊகமின்றி விடை காண முடியும்.

கட்டியவர் யார்?

இன்று மிக எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு 19ஆம் நூற்றாண்டு வரை தெளிவான விடை இருக்கவில்லை. சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டில் முடிந்தது. அதன்பின் தஞ்சையைப் பாண்டியர், நாயக்கர், மராட்டியர் ஆண்டனர். கோயிலில் வழிபாடு தொடர்ந்தாலும் கட்டியவன் பெயர் மக்கள் நினைவிலிருந்து மறைந்தது. பிருகதீசுவர மாகாத்மியம் என்னும் வடமொழித் தலபுராணம் கரிகாலச் சோழனைக் கோயிலோடு இணைத்துக் கதை சொன்னது. வேறு சோழர் பெயர்களைச் சொன்னவர்களும் உண்டு.

ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் 1886இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டார். அவர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன்பின் கட்டியவன் இராஜராஜனே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. இதில் வியப்புக்குரியது, விடை எங்கும் ஒளித்து வைக்கப்படவில்லை என்பதே. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி, நின்று படிக்கக்கூடிய உயரத்தில் அது பொறிக்கப்பட்டிருந்தது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமற்போனதால் ஒரு பேரரசனின் பெயரே பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டது.

கல்வெட்டுகளின்படி, இராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் வழங்கப்பட்டது. குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேல் வேய்ந்த பொன் தகட்டின் எடை 2,926½ கழஞ்சு. இந்நாள் 1010ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயில் 1010இல் நிறைவுற்றது எனப் பாடநூல்கள் கூறுவதற்கு இதுவே அடிப்படை.

அடுத்த ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், தஞ்சை அரண்மனையில் இருந்தபடி மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் விமானத்தின் கல்லில் வெட்டுமாறு அவ்வாணை கூறுகிறது. அக்கன் என்பது மூத்த சகோதரி குந்தவையைக் குறிக்கும். மன்னனுக்கு அடுத்து, தேவியருக்கும் முன்னதாக, அவள் இடம்பெறுகிறாள். கட்டுமானத்துக்குத் தலைமை ஏற்ற குஞ்சரமல்லன் என்பவரின் பெயரும் இராஜராஜப் பெருந்தச்சன் என்னும் பட்டத்துடன் கல்வெட்டில் உள்ளது.

கோயிலின் பெயர் என்ன?

'பிரகதீஸ்வரர் கோயில்' என்பதே பெரும்பாலான கையேடுகள் தரும் விடை. இது பிற்காலப் பெயர். 'பெருவுடையார்' என்னும் தமிழ்ப் பெயரும் இன்று வழக்கில் உள்ளது. சோழர் கல்வெட்டுகளில் காணப்படும் பெயர் இராஜராஜீஸ்வரம் என்பதாகும். மன்னன் தன் பெயரையே கோயிலுக்கு இட்டான்.

இக்கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலமா என்பது வினாடி வினாக்களில் பலரும் தவறவிடும் வினா. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் இக்கோயிலுக்கு முற்பட்டவர்கள். ஆகவே இதற்குத் தேவாரப் பதிகம் இருக்க வழியில்லை. கருவூர்த் தேவர் இக்கோயிலின் மீது பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் உள்ளது.

நிழல் தரையில் விழுமா?

'நிழல் தரையில் விழாத கோபுரம் எது?' என்னும் வினா பல பொது அறிவு நூல்களில் உண்டு. உண்மையில் விமானத்தின் நிழல் தரையில் விழுகிறது. காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் அது நீண்டு கிடப்பதை யாரும் காணலாம்.

இந்நம்பிக்கை தோன்றியதற்குக் கட்டட அமைப்பு ஒரு காரணமாகலாம். விமானத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம். மேலே செல்லச் செல்ல அது குறுகுகிறது. சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும் மாதங்களில் நண்பகல் நிழல் விமானத்தின் உடற்பகுதியிலேயே அடங்கிவிடும். தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும். மார்கழி மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நண்பகலில் கூட நிழல் வடபுறத் தரையில் விழும். இங்கு நிகழ்வது எந்த உயரமான கூம்பு வடிவக் கட்டடத்துக்கும் பொதுவானது.

இவ்வினாவில் இன்னொரு பிழையும் உண்டு. கருவறைக்கு மேல் எழும் கட்டடம் விமானம். வாயிலின் மேல் எழுவது கோபுரம். தஞ்சையில் உயர்ந்து நிற்பது விமானம். இங்குள்ள சோழர் காலக் கோபுரங்கள் கேரளாந்தகன் திருவாயில், இராஜராஜன் திருவாயில் என்பவை.

உச்சியில் இருப்பது ஒரே கல்லா?

விமானத்தின் உச்சியில் உள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் எனவும், அதனைச் சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாய்தளம் அமைத்து யானைகளால் இழுத்து ஏற்றினர் எனவும் கூறப்படுவதுண்டு. சிகரம் பல கற்களை இணைத்துக் கட்டப்பட்டது என்பதைக் கட்டடக்கலை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். சாரப்பள்ளம் பற்றிய செய்தி ஊர்ப்பெயரைச் சார்ந்து வளர்ந்த வாய்மொழிக் கதை. கல்வெட்டுகளில் அதற்குச் சான்று இல்லை.

ஒரே கல் என்னும் கதையை விலக்கினால் சாதனை குறைந்துவிடாது. காவிரிப் படுகை வண்டல் மண் நிலம். தஞ்சையைச் சுற்றிலும் நெல் வயல்கள்தாம் உண்டு. கருங்கல் மலைகள் இல்லை. இக்கோயிலுக்கான கருங்கல் திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கல்லே கிடைக்காத நாட்டில், ஏறத்தாழ 200 அடி உயரக் கல் விமானத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பியதே உண்மையான வியப்பு.

தமிழ் எழுத்துகளும் கோயில் அளவுகளும்

சொல்லும் எண்ணும் கலந்த விளையாட்டு ஒன்று இக்கோயிலின் பெயரால் பரவியுள்ளது. இலிங்கத்தின் உயரம் 12 அடி, அது உயிர் எழுத்துகளின் எண்ணிக்கை. பீடம் 18 அடி, அது மெய் எழுத்துகளின் எண்ணிக்கை. விமானம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கை. இலிங்கத்துக்கும் நந்திக்கும் இடையிலுள்ள தொலைவு 247 அடி, அது தமிழ் எழுத்துகளின் மொத்த எண்ணிக்கை. கேட்பதற்கு இனிமையாக இருப்பதால் இது எளிதில் நினைவில் நிற்கிறது.

இரண்டு காரணங்களால் இது பொருந்தாது. முதலாவது அளவை பற்றியது. இன்று வழங்கும் 12 அங்குல அடி ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. இராஜராஜன் காலக் கல்வெட்டுகள் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் ஆகிய அளவைகளால் குறிக்கின்றன. பதினொன்றாம் நூற்றாண்டுச் சிற்பி இன்றைய அடிக்கணக்கில் எழுத்துகளை எண்ணிக் கட்டியிருக்க முடியாது.

இரண்டாவது காரணம் நந்தி. இன்று முற்றத்தில் உள்ள பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. ஆகவே இலிங்கத்துக்கும் இந்நந்திக்கும் இடைப்பட்ட தொலைவு இராஜராஜனின் திட்டத்தில் இருந்திருக்க இயலாது. நந்தி வளர்ந்துகொண்டே வந்ததால் அதன் முதுகில் ஆணி அடித்து நிறுத்தினர் என்பதும் கதையே.

வளாகத்தில் உள்ள அனைத்தும் ஒரே காலத்தவை அல்ல. அம்மன் சந்நிதி 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் கட்டப்பட்டது. நுண்ணிய வேலைப்பாடுள்ள சுப்பிரமணியர் சந்நிதி நாயக்கர் காலத்தது. மராட்டிய மன்னர் வரலாற்றைக் கூறும் நீண்ட மராத்திக் கல்வெட்டு, இரண்டாம் சரபோஜி காலத்தில் 1803இல் வெட்டப்பட்டது.

'கலம்' என்னும் சொல்

எழுத்துக் கணக்கைவிடச் சுவையான சொல் ஆராய்ச்சிக்கும் இராஜராஜன் கல்வெட்டுகள் இடம் தருகின்றன. அவனது மெய்க்கீர்த்தி கூறும் வெற்றிகள், காந்தளூர்ச் சாலையில் அவன் 'கலம் அறுத்த' செய்தியுடன் தொடங்குகின்றன. கலம் என்னும் சொல்லுக்குக் கப்பல், உண்கலம், அணிகலன், முகத்தலளவை எனப் பல பொருள்கள் உண்டு. காந்தளூரில் சேரரின் கப்பல்களை அழித்தான் என ஒரு சாரார் பொருள் கொள்வர். சாலை என்பது கல்விச்சாலை, கலம் என்பது அங்கு உணவு பெறுவோருக்குரிய உண்கலம், அதனைப் பற்றி மன்னன் செய்த ஏற்பாட்டையே இது குறிக்கிறது என்பர் மற்றொரு சாரார். ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்து இச்செய்தி கடற்போராகவோ நிருவாக நடவடிக்கையாகவோ மாறிவிடுகிறது. 'இராஜராஜனின் முதல் வெற்றி எது?' என்னும் வினாவுக்கு ஒற்றை வரியில் விடை எழுதுவோர் இவ்விவாதத்தை அறிந்திருப்பது நல்லது.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் கலம் என்னும் சொல் மிகுதியாக வருவது நெல் அளவையாகவே. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். நெல்லை அளக்க 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்கால் பயன்பட்டது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ஆடவல்லான் என்பது நடனமாடும் சிவனின் பெயர். அளவையிலும் எடையிலும் இறைவன் பெயரை இட்டது, குறைத்து அளப்போரைத் தடுக்கும் வழியாகவும் அமைந்திருக்கலாம்.

கோயிலில் பணியாற்றியவர்கள்

தேர்வு நூல்கள் பெரும்பாலும் தொடாத பகுதி இதுவே. இராஜராஜன் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை அழைத்து வந்து, பெரிய கோயிலைச் சார்ந்த தெருக்களில் குடியமர்த்தினான். தளி என்றால் கோயில். இவர்கள் ஆடலும் பாடலும் அறிந்த கோயில் பெண்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்பன ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்டுள்ளன. பெயர்கள் 'நக்கன்' என்னும் முன்னொட்டுடன் அமைந்துள்ளன. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் இப்பட்டியலில் உள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, அரசகுலத்தைச் சேராத 400 பெண்களின் முகவரி இவ்வாறு கிடைப்பது அரிது.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் தரப்பட்டன. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் 100 கலம் நெல். நட்டுவனார், பாடுவோர், பலவகை இசைக்கருவி வாசிப்போர், கணக்கர், தச்சர், தட்டார், தையற்காரர், குயவர், நாவிதர், வண்ணார், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், நீர் தெளிப்போர் எனப் பிற பணியாளரும் அதே கல்வெட்டில் பங்குகளுடன் குறிக்கப்பட்டுள்ளனர். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ, நெருங்கிய உறவினர் அப்பணியைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். பரம்பரை உரிமையோடு தகுதியும் விதியாக எழுதப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரும் ஆக 50 பேர் நியமிக்கப்பட்டனர். இவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஆண்டுக்குக் கணக்கிட்டால் இது 91 கலத்தை ஒட்டி வரும். அதாவது, ஆடல் மகளிர் ஒருவரின் ஆண்டு வருவாய் திருப்பதியம் பாடியவரின் வருவாயைவிடச் சற்று அதிகம்.

இவ்வளவு பேருக்கும் நெல் தந்தது காவிரிப் படுகை. சோழநாட்டு ஊர்கள் பல இக்கோயிலுக்கு நெல் அளக்கக் கடமைப்பட்டிருந்தன. கல்லால் ஆன கோயில் நெல்லால் இயங்கியது எனலாம்.

நாடகம், நாவல், திரைப்படம்

இராஜராஜனைப் பற்றிய கலைப்படைப்புகள் இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியவை அல்ல. இரண்டாம் இராஜேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று, பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது 'இராஜராஜேஸ்வர நாடகம்' நடிக்கச் சாந்திக்கூத்தன் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. அந்நாடக நூல் இன்று கிடைக்கவில்லை. நடிகருக்கு அளந்த நெல்லின் கணக்கு மட்டும் எஞ்சியுள்ளது.

ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து இராஜராஜன் மீண்டும் மேடைக்கு வந்தான். அரு. ராமநாதன் எழுதிய 'இராஜராஜ சோழன்' நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்தினர். அதனைத் தழுவி ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடித்து 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்', தமிழின் முதல் சினிமாஸ்கோப் திரைப்படம் ஆகும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு முதல் கல்கி வார இதழில் தொடராக வந்தது. மணிரத்னம் அதனை 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாகப் படமாக்கினார். பெயரில் வரும் பொன்னி காவிரி ஆறு. செல்வன் பின்னாளில் இராஜராஜன் ஆன அருள்மொழிவர்மன். எனினும் இக்கதை பெரிய கோயில் கட்டப்படுவதற்கு முன்பே, உத்தம சோழன் முடிசூடுவதோடு முடிந்துவிடுகிறது.

நாவலில் வரும் நந்தினியும் பூங்குழலியும் கற்பனைப் பாத்திரங்கள். வந்தியத்தேவன் வரலாற்று மனிதர். பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிக்கும்போது, அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி எனச் சொல்லப்படுகிறது. அச்சிறு குறிப்பில் இடம்பெற்றவரையே கல்கி ஐந்து பாகங்கள் கொண்ட நாவலின் நாயகனாக வளர்த்தார். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களாக ரவிதாசன் முதலியோரைக் குறிக்கும் கல்வெட்டு, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ளது.

ஓவியத்திலும் இதுபோன்ற எச்சரிக்கை தேவை. கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றை 'இராஜராஜனும் கருவூர்த் தேவரும்' என நூல்கள் குறிக்கின்றன. ஓவியத்தில் பெயர்கள் எழுதப்படவில்லை. இது ஆய்வாளர் சிலரின் அடையாளம் காணலே.

கேட்கத்தக்க வினாக்கள்

சான்றுடன் விடை கூறக்கூடிய சில வினாக்கள் கீழே தரப்படுகின்றன.

1. ஒரு நந்தா விளக்கு எரிய எத்தனை ஆடுகள் வழங்கப்பட்டன? 96 ஆடுகள். அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

2. பெரிய கோயிலில் எத்தனை கரணச் சிற்பங்கள் உள்ளன? 81. பரத நாட்டியக் கரணங்கள் மொத்தம் 108. எஞ்சிய 27 இடங்கள் செதுக்கப்படாமல் வெறுங்கற்களாக விடப்பட்டுள்ளன.

3. கோயில் பணத்துக்கு வட்டி எவ்வளவு? ஆண்டுக்கு ஒரு காசுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12½ விழுக்காடு. கடன் பெற்ற ஊர்ச்சபைகள் இதனைச் செலுத்தின.

4. இறைவனின் திருமஞ்சன நீரில் மணத்துக்காக என்ன சேர்க்கப்பட்டன? ஏலம், சண்பக மொட்டு, இலாமிச்சை வேர் முதலியன. இதற்கும் தனியாக முதலீடு வைக்கப்பட்டது.

நிழல் விழாத கோபுரம், ஒரே கல் சிகரம் போன்ற விடைகள் கோயிலை மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட மாயமாகக் காட்டுகின்றன. கல்வெட்டுகள் காட்டுவது வேறு. தச்சன், தட்டான், நாவிதன், வண்ணான், பாடகர், 400 ஆடல் மகளிர், ஆடு வளர்த்த இடையர், நெல் அளந்த உழவர் ஆகியோரின் உழைப்பே அங்கு பதிவாகியுள்ளது.  கட்டியவன் பெயரையே ஒருகாலத்தில் மறந்த தமிழகம் அதனைக் கல்வெட்டின் வழியாக மீட்டது. மற்றவர்களின் பெயர்களும் அதே கோயிலின் சுவர்களில் இன்றும் உள்ளன.